வெறும் பெட்டி திருப்பாத ஊர்

பண்டிகைக்குப் பரிசு கட்டிக் கொடுக்கும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்தும் நாளில், நமக்கு மட்டும் பத்து விரலிலும் நார் கிழித்த காயம் இருக்கும், எண்ணெய் பட்டால் எரியும். கடை வைத்து ஒரு பண்டிகை சீசனையாவது தாண்டி வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு வருத்தமில்லை.

எழுபதுகளின் கடைசியில் போடியில், ஏலக்காய் மண்டிகள் இருக்கிற தெருவில், ஒரு கதவு அகலத்துக்கு ஒரு கடை பிடித்தேன். பனை ஓலைப்பெட்டியில் பலகாரமும் பழமும் அடுக்கி வாழைநாரால் கட்டிக் கொடுப்பேன். கலர் பேப்பர் கிடையாது, பாலிதீன் பை கிடையாது. பெட்டிக்கு அடியில் மெத்தை மாதிரி ஏலத்தோல் பரப்புவேன். மண்டிகளில் வெடித்த காயை உடைத்து உள்ளே இருக்கும் ஏலரிசியை எடுத்துக்கொண்டு, தோலைக் குப்பையில்தான் கொட்டுவார்கள். அதை அள்ளிவந்து புடைத்துக் காயவைத்து வைத்துக்கொள்வேன்.

சுற்றுச்சூழல் என்ற வார்த்தையெல்லாம் அப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. என் கல்யாணப் பட்டுப்புடவையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பாலிதீன் உறைக்குள் போட்டு வைத்தேன். அது உள்ளேயே வேர்த்து, பூசணம் பூத்து, ஒரு மழைக்காலத்தில் வீணாய்ப் போனது. அன்றிலிருந்து அந்தச் சாமானைக் கண்டாலே எனக்கு ஆகாது. கொள்கை என்று கேட்டால் அவ்வளவுதான் என் கொள்கை.

கட்டடம் ஒரு ராவுத்தருடையது. நல்ல மனிதர், ஆனால் பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. எதிர்வரிசையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தவர், சரக்கு அடுக்குகிற கிட்டங்கியாக என் கடையைக் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார். அதனால் முதல் நாளே ராவுத்தர் சொல்லிவிட்டார்: "தாயி, தீவாளி, கிறிஸ்மஸ், பொங்கல், மூணையும் பாப்பேன். தை பொறக்கறப்ப கடையில ஆள் நடமாட்டம் இருந்தா நீ இரு. ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன்னா எதுத்த கடைக்காரருக்கு விட்டுருவேன். அப்பறம் என்னையக் கொறை சொல்லக்கூடாது."

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் எனக்கென்று நான் தேடிக்கொண்ட முதல் இடம் அது. நின்றால் தலை இடிக்கும், மழை பெய்தால் ஒழுகும். ஆனாலும் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சம்பந்தி வீட்டுக்குப் போனவர்

முதலில் வந்தவர் சிலமலை ஊர்க்காரர், வயசாளி. மகளையும் மருமகனையும் தலைதீபாவளிக்கு அழைக்கக் கம்பம் போகிறார், கையில் ஜாங்கிரி கொண்டுபோக வேண்டும். என் பெட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏத்தா, நான் சம்பந்தி வீட்டுக்குப் போறேன். வெதைக்கவா போறேன், ஓலைப்பெட்டியத் தூக்கிக்கிட்டு?" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் பளபளவென்று ஒரு சிவப்பு டப்பாவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். முதல் போணியே எதிர்க்கடைக்குப் போனதில் எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே திரும்பி வந்தார். பஸ்ஸில் யாரோ மூட்டையைத் தூக்கி டப்பா மேல் வைத்திருக்கிறார்கள். டப்பா பிளந்து, பாகெல்லாம் பக்கத்து ஆளின் வெள்ளை வேட்டியில் ஒழுகி, கம்பம் வரைக்கும் ஒரே சண்டை. ஜாங்கிரியைத் துண்டில் முடிந்துகொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் நின்றிருக்கிறார் மனிதர். "மறுபடி போறேன். அதுக்கு முன்னாடி இதச் சோதிக்கணும்" என்றவர், என் பெட்டியைத் தரையில் வைத்து மூடி மேல் உட்கார்ந்தே விட்டார். நல்ல கனத்த சரீரம். பெட்டி முனகியது, நசுங்கியது. எழுந்து, குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் எந்திரிச்சா இதுவும் கூடவே எந்திரிக்குதே! ரெண்டு கொண்டா."

முதலாளியின் தும்மல்

அந்தத் தெருவில் பெரிய மண்டி வைத்திருந்த முதலாளி, தீபாவளிக்கு மலைத்தோட்டக்காரர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வருஷா வருஷம் பலகாரம் அனுப்புகிறவர். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிற்கும், இல்லையென்றால் சிலமலைக்காரரின் இரண்டு பெட்டியோடு முடிந்தது. மாதிரிக்கு ஒரு பெட்டி கட்டிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்தார், முகர்ந்தார், தும்மினார். விடாமல் ஐந்தாறு தும்மல். கணக்கப்பிள்ளை ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

"என்னத்தா இது? காலையில எந்திரிச்சா ஏலக்கா, படுத்தா தலகாணியில ஏலக்கா. என் வேட்டியத் தொவைச்ச தண்ணியில டீ போடலாம். மலைக்காரவுக அதுக்குள்ளயே கெடக்காக. அவுகளுக்கு இந்தத் தோல அனுப்புனா காறித் துப்ப மாட்டாகளா?" என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது. மலைக்குப் போகும் நாற்பது பெட்டிக்கும் வெட்டிவேர் பரப்புகிறேன், ஊருக்குள் போகும் முப்பதுக்கு மட்டும் ஏலத்தோல் என்று ஒப்புக்கொண்டேன். எழுபது பெட்டி ஆர்டர்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசல்படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "மலைக்குப் போற பெட்டியில தோலு போச்சுன்னு தெரிஞ்சது, நீ இந்தத் தெருப்பக்கமே தலைவச்சுப் படுக்கக்கூடாது."

மாறிப்போன மெத்தை

அடைமழை. பொட்டிபுரத்துப் பெண்கள் முடைந்த பெட்டிகளைப் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூன்று நாள் நானும் கூட இரண்டு பெண்களுமாக இடுப்பு ஒடியக் கட்டினோம். என் வீட்டுக்காரர் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். நாலாம் நாள் காலையில் நாற்பது பெட்டியை லோடு ஏற்றி, தார்ப்பாய் மூடிக்கொண்டு, "வெரசா போயிட்டு வர்றேன்" என்று போடிமெட்டுக்குக் கிளம்பினார். அவர் போன பிறகு, மிச்சம் இருந்த ஊர்ப் பெட்டிகளில் ஒன்றின் நார் தளர்ந்திருக்கிறதே என்று அவிழ்த்தேன். அடியில் வெட்டிவேர். அடுத்ததைத் திறந்தேன், வெட்டிவேர். முப்பதிலும் வெட்டிவேர். அப்படியானால் தோல் முழுவதும் மலையேறிக்கொண்டிருக்கிறது.

உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஓவென்று அழுதேன். கடை போச்சு, எதிர்க்கடைக்காரர் நாளைக்கே டப்பாக்களை அடுக்கப்போகிறார் என்றுதான் தோன்றியது. முதலாளியிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. தீபாவளி முடிந்து, என் வீட்டுக்காரர் அடுத்த நடை மலைக்குப் போய்த் திரும்பியபோது ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்தார். தோட்டத்து மேற்பார்வையாளர் மனைவி ஏலியம்மா எழுதியது, மலையாளமும் தமிழும் கலந்து. "சேச்சி, பலகாரம் நல்லதாயிருந்து. அடியில் போட்ட தோல் அதைவிட நல்லது. தினமும் சாயாவில் போட்டு எல்லாம் தீர்ந்து போயி. இங்கே எல்லாம் முழுக்காயாக மூட்டை கட்டி இறக்கிவிடும், காயை உடைக்க எங்களுக்கு மனசு வராது. அடுத்த தடவை பலகாரம் இல்லெங்கிலும் சாரமில்லா, தோல் கொடுத்துவிடணும்."

இன்னும் நாலு வீட்டில் அதையே வாயால் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு மண்டிக்கு ஓடினேன். நடந்த தப்பைச் சொல்லி, நீட்டினேன். முதலாளி இரண்டு தடவை படித்தார். குப்பைமேட்டில் குவிந்து கிடந்த தோலை எட்டிப் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இனிமே தோல அள்ள வர்றப்ப என்னையக் கேட்டுட்டு அள்ளு."

தேவாரத்து நற்சான்று

திருக்கார்த்திகைக்குத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோக, தேவாரத்து விவசாயி ஒருவர் அதிரசம் வைத்துப் பெட்டி கட்டிக்கொண்டு போனார். மலை அடிவாரத்தில் தோட்டம். பெட்டியைக் காவல் குடிசையில் வைத்துவிட்டு ஊருக்குள் போய்த் திரும்புவதற்குள் யானை இறங்கிவிட்டது. குடிசை சரிந்து கிடந்தது, பெட்டியைக் காணோம்.

மறுநாள் கையில் உடைந்த பிளாஸ்டிக் வாளியோடு என் கடை முன்னால் வந்து நின்றார். நஷ்டஈடு கேட்கப்போகிறாரோ என்று பயந்தேன். அவரோ தெருவுக்கே கேட்கிற மாதிரி, அதுவும் எதிர்க்கடை வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினார். பக்கத்து மண்டியில் காய் தரம் பிரிக்கும் பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். "இந்தா பாருங்க, இந்த வாளியக் கடிச்சுப் பாத்துட்டுத் துப்பிருச்சு. அக்கா கட்டுன பெட்டிய ஓலை, நாரு, தோலு, ஒன்னு விடாம முழுங்கிட்டுப் போயிருச்சு. யானைக்குத் தெரியுது, ஊர்க்காரவுகளுக்குத் தெரியலையே!"

ஒன்றில் கோழி இருந்தது

யானை புண்ணியத்தில் ஊருக்குள் வீட்டுக்கொரு பெட்டி விற்றது, இனி கவலையில்லை என்றுதான் நினைத்தேன். அங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் என் கழுத்தைப் பிடித்தது. அட்டை டப்பாவில் பலகாரம் கொடுத்தால் தின்றுவிட்டு டப்பாவைத் தூக்கி எறிவார்கள். ஓலைப்பெட்டி அப்படியில்லை, அது பாத்திரம். அடுத்த வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்புவது மரியாதை இல்லை. இது எனக்கும் தெரிந்ததுதான், பெட்டி கட்டுகிற அவசரத்தில் யோசிக்கவில்லை.

திருக்கார்த்திகை முடிந்ததும் மண்டி முதலாளியின் மனைவி மூச்சு வாங்க வந்தார். மலையிலிருந்தும் ஊருக்குள்ளிருந்தும் எழுபது பெட்டியும் அவர் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தன, எல்லாம் நிறைந்து. தேன், மிளகு, காப்பிக்கொட்டை, மலைவாழை, ஏத்தங்காய் வறுத்த உப்பேரி, முறுக்கு, வெல்லம். ஒரு பெட்டியில் உயிரோடு ஒரு கோழி இருந்து, திறந்ததும் பறந்து பூஜை அறைக்குள் போயிருக்கிறது. கூடத்தில் நடக்க இடமில்லையாம். இதற்குப் பதில் மரியாதையாக அந்தப் பெட்டிகளில் எதையாவது வைத்து மறுபடி அனுப்பினால் அவையும் நிறைந்து திரும்புமே என்ற பயம் வேறு. "தீவாளிக்குப் பரிசு குடுக்கணும்னுதான ஒங்கிட்ட வந்தோம். கடைசியில எங்களப் பண்டமாத்து யாவாரத்துல எறக்கி விட்டுட்டியே ஆத்தா!"

கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கலாம்

அதைக் கேட்டு நானும் சிரித்தேன். மார்கழி பிறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் வருகிறது, கடைக்கு ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரித்தால், பெட்டி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இவர் கொடுத்தது அவர் வீட்டில், அவர் கொடுத்தது இவர் வீட்டில். பிய்வதும் இல்லை, நசுங்குவதும் இல்லை. சந்தி சந்தியாக என் பெட்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன, நான் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையில் டப்பா உடைய உடையப் புதுசு விற்றது.

பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் ராவுத்தர் தினமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பார்வையே சோறு இறங்க விடாது. வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "நீ கட்டுன பெட்டி கொஞ்சம் மட்டமா இருந்திருந்தா நாம பொழைச்சிருப்போம்."

பெட்டியைக் கொண்டு வாருங்கள்

கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததில் யோசிக்க நேரம் கிடைத்தது. ஒரு பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதித் தொங்கவிட்டேன்: "உங்கள் பெட்டியைக் கொண்டு வாருங்கள். நிறைத்து, புது நார் போட்டுக் கட்டித் தருகிறோம்." பெட்டி விற்பதை விட்டேன், பெட்டிக்குள் போவதைப் பிடித்தேன். முதல் ஆளாக முதலாளி மனைவி ஜீப் நிறையக் கொண்டுவந்து இறக்கினார். மலையிலிருந்து வந்த தேனும் மிளகும் ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் போயின. கீழேயிருந்து வந்த முறுக்கும் வெல்லமும் மலைக்காரர்கள் பெட்டிக்குள் போயின. பழம் மட்டும் புதுசாக வாங்கிச் சேர்த்தேன். அடியில் வழக்கம்போல் தோல், கேட்டுவிட்டுத்தான் அள்ளினேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஏலியம்மாவுக்குப் போன பெட்டி, பண்டிகை முடிந்ததும் கேக்கோடு முதலாளி மனைவிக்கே இறங்கி வந்தது. அந்தக் கேக்கைத் தெருவுக்குப் பங்கிடச் சொல்லி அவர் அனுப்பினார், வெட்டித் தெருவெல்லாம் கொடுத்தேன். அதைத் தின்றவர்களில் பாதிப்பேர் அடுத்த வாரமே ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பொங்கலுக்கு நிறைத்துக் கொடு என்று. யாரும் எதையும் குப்பையில் போடவில்லை, கட்டின நாரைக்கூட மாட்டுக்குப் போட்டார்கள். எதிர்க்கடைக்காரர் ஒருநாள் மதியம் ரோட்டைத் தாண்டி வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "எங்கிட்ட ஒடைஞ்சதுக்குத்தான் திரும்ப வர்றாக, அதுவும் திட்டிக்கிட்டே வர்றாக. ஒங்கிட்ட ஒடையாமலே வர்றாகளேக்கா, இது என்ன மாயம்?"

வரிசையில் ராவுத்தர்

போகிப் பண்டிகை அன்று முற்பகல். வாசலில் பெண்கள் கூட்டம், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பெட்டி. இடித்துத் தள்ளாமல் இருக்க வரிசையாக நிற்கவைத்திருந்தோம். வரிசை மூன்று கடை தாண்டிப் போயிருந்தது. அப்போதுதான் ராவுத்தர் வந்தார், பின்னால் எதிர்க்கடைக்காரர், கையில் அளவு டேப்போடு. என் வியாபாரம் எதிர்க்கடைக்காரருக்குத் தெரியாததல்ல, ஆனால் பொங்கலோடு எல்லாம் வடிந்துவிடும் என்று ராவுத்தரிடம் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். எழுந்து போய் வாங்க என்று சொல்லவும் முடியாது, மூன்று பேர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்துகிறார்கள்.

ராவுத்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தார். மண்டியில் தரம் பிரிக்கும் பெண் ஒருத்தி, வாய்க்குப் பேர்போனவள், கையை நீட்டி மறித்தாள். "பாய், நாங்களும் சோலியப் போட்டுட்டுத்தான் வந்து நிக்கிறோம். முன்னாடி வந்து முட்டாதீக, வரிசையில போயி நில்லுங்க." கட்டடம் அவருடையது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ராவுத்தர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று கடை தாண்டிப் போய்க் கடைசியில் நின்றார். அவருக்குப் பின்னால் டேப்போடு எதிர்க்கடைக்காரர். அவர்களுக்குப் பின்னாலும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

ஒரு மணி நேரம் ஆனது. நான் நிமிர்ந்து பார்ப்பேன், தலைகள் நகர்ந்திருக்கும், இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள். கடைசியில் என் முன்னால் வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. அவர் கையில் பெட்டி இல்லை. பின்னால் நின்றவர் டேப்பைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டதை மட்டும் பார்த்தேன். ராவுத்தர் கடையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். கட்டி முடித்த பெட்டிகள், உரித்த நார், காத்திருக்கும் பெண்கள். எல்லாரும் கேட்கச் சொன்னார்: "ஆள் நடமாட்டம் இருக்கான்னு பாக்க வந்தேன் தாயி. என் கட்டடத்துக்குள்ள நொழைய எனக்கே ஒரு மணி நேரம் ஆகிப்போச்சு. நீ இரு, நல்லா இரு. வீட்டுல போயி ஒரு பெட்டி எடுத்தாறேன், எனக்கும் கட்டு. ஆனா சொல்லிப்புட்டேன், மறுபடி கடைசியில போயி நிக்க மாட்டேன்."

அதன் பிறகு எத்தனையோ பண்டிகைகள் அந்தக் கடையில் கட்டினேன், ஒரே ஒரு குறைதான்: ஊருக்கெல்லாம் பரிசு கட்டிக் கொடுக்கிறவளுக்கு நாம் என்னத்தைக் கொடுப்பது என்று யோசித்தே, இன்றுவரைக்கும் எனக்கு ஒருத்தரும் ஒரு பரிசும் கொடுத்ததில்லை.